முந்திச் செல்லக் கூடுதல் கட்டணம்: பணம் ஒருவருடையது, நேரம் யாருடையது?

பள்ளி விடுமுறை நெருங்கினால் நிபோங் திபால் வீடுகளில் பிள்ளைகளை எங்கே அழைத்துப் போவது என்ற பேச்சு தொடங்கிவிடும். அரை மணி நேரத்தில் போய்ச் சேரும் தூரத்தில், பேராக் எல்லைக்குள், புக்கிட் மேரா லேக்டவுன் இருக்கிறது. பத்து காவானில் இரண்டாவது பாலம் ஏறினால் பினாங்குத் தீவுக்குப் போய்விடலாம். அங்கே தெலுக் பஹாங்கில் எஸ்கேப் பூங்கா, ஆயர் ஈத்தாமில் கொடிமலை ரயில். கையில் கொஞ்சம் பணம் சேர்ந்த ஆண்டு என்றால் சன்வே லகூன், கெந்திங், ஜொகூர் லெகோலேண்ட், சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் என்று பட்டியல் நீளும்.

இப்படிப்பட்ட பல இடங்களில் இப்போது கவுன்டரில் இரண்டாவதாக ஒரு கேள்வி காத்திருக்கிறது. கூடுதலாகக் கட்டினால் வரிசையில் முன்னால் போகலாம், வேண்டுமா? சிங்கப்பூர் யுனிவர்சலில் அதற்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர். சன்வே லகூனில் குவாக் எக்ஸ்பிரஸ். சென்னைக்குப் பக்கத்தில் 2025 டிசம்பரில் திறந்த வொண்டர்லாவில் ஃபாஸ்ட்ராக். நம் கொடிமலையில் ஃபாஸ்ட் லேன்.

இதைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு பதில்கள் உடனே வந்து விழுகின்றன. ஒன்று, "காசு இருக்கிறவனுக்கு ஒரு நியாயம், இல்லாதவனுக்கு ஒரு நியாயமா?" மற்றொன்று, "அவன் காசு, அவன் கட்டுகிறான், உனக்கு என்ன நஷ்டம்?" முதல் பதிலில் உள்ள கோபம் எனக்குப் புரிகிறது. இரண்டாவது பதில்தான் அதிகம் பேரை வாயடைக்க வைக்கிறது என்பதால், அது சரியா என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும். உண்மையில் அடுத்தவருக்கு நஷ்டம் உண்டா இல்லையா? அதைக் கணக்குப் போட்டே கண்டுபிடிக்கலாம். அதற்குக் கொடிமலையைவிட நல்ல இடம் கிடையாது.

கொடிமலை ரயில் 1923-இல் ஓடத் தொடங்கியது. அன்றைய ரயில் இரண்டு கட்டமாக ஏறும். நடுவழி நிலையத்தில் இறங்கி வேறு பெட்டிக்கு மாற வேண்டும். உச்சியை அடைய அரை மணி நேரம் ஆகும். 2010-இல் அதை நிறுத்திப் புதுப்பித்தார்கள். 2011 முதல் ஓடும் புதிய பெட்டி ஒன்றில் சுமார் 100 பேர் ஏறலாம். அடிவாரத்திலிருந்து உச்சிக்கு நேராகச் சில நிமிடங்களில் போய்விடுகிறது. ஒரே தண்டவாளம். நடுவில் ஒரே ஓரிடத்தில் மட்டும் அது இரண்டாகப் பிரிந்து, மேலே போகும் பெட்டியும் கீழே வரும் பெட்டியும் விலகிக்கொள்ள வழிவிடும். ஒரே கம்பிவடத்தின் இரு முனைகளில் இரு பெட்டிகளும் கட்டப்பட்டிருப்பதால், கூட்டம் அதிகம் என்று மூன்றாவது பெட்டி ஒன்றைச் சேர்த்துவிட முடியாது. ஒரு மணி நேரத்தில் இத்தனை பேர்தான் ஏற முடியும் என்ற எல்லை அந்த அமைப்பிலேயே இருக்கிறது. ரோலர் கோஸ்டர், நீர்ச்சறுக்கு, ராட்சத ஊஞ்சல் என எல்லா விளையாட்டுக்கும் இப்படி ஓர் எல்லை உண்டு. மலை ரயிலில் அது கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிறது.

கணக்குக்காகக் கால் மணி நேரத்துக்கு ஒரு பெட்டி புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். பெட்டிக்கு 100 பேர் என்றால் மணிக்கு 400 பேர். ஒரு குடும்பம் வரிசையில் சேரும்போது அவர்களுக்கு முன்னால் 600 பேர் நிற்கிறார்கள். முந்துவோர் யாரும் இல்லையென்றால் ஒன்றரை மணி நேரத்தில் அவர்கள் முறை வந்துவிடும்.

இப்போது ஒருவர் பின்னால் வருகிறார், கூடுதல் கட்டணம் கட்டுகிறார், அந்த 600 பேரையும் தாண்டி நேராகப் பெட்டியில் ஏறுகிறார். அவருக்கு மிச்சமானது ஒன்றரை மணி நேரம். அவர் பிடித்த இடம் யாருடையது? முன்னால் நின்ற ஒவ்வொருவரும் ஓர் இடம் பின்னால் தள்ளப்படுகிறார். மணிக்கு 400 பேர் ஏறும் வரிசையில் ஓர் இடம் என்பது ஒன்பது வினாடி. 600 பேர், ஆளுக்கு ஒன்பது வினாடி: மொத்தம் 5,400 வினாடி. அதாவது ஒன்றரை மணி நேரம்! அவர் மிச்சப்படுத்திய நேரமும் மற்றவர்கள் இழந்த நேரமும் ஒரு வினாடி கூடக் குறையாமல் சரியாகப் பொருந்துகின்றன.

இது தற்செயல் பொருத்தமில்லை. பெட்டியும் கூடவில்லை, வேகமும் கூடவில்லை என்றால், காத்திருப்பு குறைய வழியே கிடையாது. அது ஒருவர் தலையிலிருந்து இறங்கி அறுநூறு பேர் தலையில் பகிர்ந்து ஏறுகிறது. ஆளுக்கு ஒன்பது வினாடி என்பதால் யாருக்கும் உறைப்பதில்லை. "உனக்கு என்ன நஷ்டம்" என்று கேட்க முடிவதும் அதனால்தான்.

ஆனால் கூடுதல் கட்டணம் கட்டுகிறவர் ஒருவரோடு நிற்பதில்லையே. ஒவ்வொரு பெட்டியிலும் 30 இடம் விரைவுச் சீட்டுக்காரருக்குப் போகிறது என்று கொள்வோம். வழக்கமான வரிசைக்கு 70 இடம், மணிக்கு 280 பேர். அதே 600 பேர் முன்னால் நிற்கும் குடும்பத்துக்கு இப்போது இரண்டு மணி நேரத்துக்கும் சற்று மேலாகிறது. ஏறக்குறைய 40 நிமிடம் கூடுதல். கையில் ஐந்து வயதுப் பிள்ளை, கூடவே முழங்கால் வலியுள்ள பாட்டி. அவர்களுக்கு அந்த 40 நிமிடம் என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை. அதற்குக் காரணம் என்னவென்று அவர்களுக்குத் தெரியாது என்பதுதான் இதில் என்னை உறுத்துவது. "இன்றைக்குக் கூட்டம் அதிகம்" என்று நினைத்துக்கொண்டு நிற்பார்கள்.

கல்யாணப் பந்தியை நினைத்துப் பாருங்கள். நூறு இலை போட்ட பந்தியில் முப்பது இலை சம்பந்தி வீட்டாருக்கு என்று முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றவர்கள் அடுத்த பந்திக்கு மனத்தைத் தயார் செய்துகொள்வார்கள். சொல்லாமல் உட்கார்ந்தவரை எழுப்பினால்தான் வருத்தம்.

ஆக, விரைவுச் சீட்டில் விலைபோவது நேரம் என்றால், அந்த நேரம் பூங்காவுக்குச் சொந்தமானது கிடையாது. வரிசையில் நிற்பவர்களுடையது. விற்றவருக்குப் பணம், வாங்கியவருக்கு நேரம். கொடுத்தவருக்கு எதுவும் வரவில்லை. இந்த ஒரு விஷயம் தெளிந்துவிட்டால், எப்போது இது ஏற்கத்தக்கது, எப்போது இல்லை என்ற கேள்விக்கு நிதானமாகப் பதில் தேடலாம்.

அதற்கு முன், வரிசையைச் சுருக்கும் எல்லா ஏற்பாட்டையும் ஒரே கூடையில் போட்டுவிடக் கூடாது. தனியாக வருகிறவருக்கு யுனிவர்சல் போன்ற இடங்களில் தனி வரிசை உண்டு. நான்கு பேர் உட்காரும் இருக்கையில் மூன்று பேர் குடும்பம் அமர்ந்தால் மிஞ்சும் ஓர் இடத்தை அது நிரப்புகிறது. காலியாகப் போயிருக்க வேண்டிய இடம் அது. யாருக்கும் இழப்பு இல்லை, எல்லாருக்கும் ஆதாயம். நேரம் குறித்த சீட்டு என்பது இன்னொன்று: மூன்று மணிக்கு வா என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள், நீங்கள் அதுவரை வெயிலில் நிற்காமல் வேறு வேலை பார்க்கலாம். எல்லாருக்கும் இலவசமாக ஒரே மாதிரி கொடுத்தால் அதுவும் நியாயமானதே. சக்கர நாற்காலியில் வருகிறவரும், ஆட்டிசம் உள்ள பிள்ளையின் பெற்றோரும் வேறு வாசல் வழியாக ஏறுகிறார்கள் என்றால் அது சலுகைகூட இல்லை. அவர்களால் வரிசையில் நிற்கவே முடியாது என்பதால் செய்யும் நேர்செய்தல். விரைவு வரிசையைக் கண்டு எரிச்சல்படுகிறவர்கள் சில நேரம் இவர்களையும் சேர்த்து முறைத்துப் பார்க்கிறார்கள். அது மிகத் தவறு. இவர்களும் பணம் கட்டியவர்களும் ஒரே வாசலில் நுழையும்படி நிர்வாகம் அமைத்திருந்தால் அந்தத் தவறுக்கு நிர்வாகமும் பொறுப்பு.

இலவசமாகத் தொடங்கிய ஏற்பாடு எப்படி விலைப்பொருளாக மாறும் என்பதற்கு அமெரிக்காவின் டிஸ்னி பூங்காக்களே பெரிய பாடம். 1955-இல் முதல் டிஸ்னிலேண்ட் திறந்த சில மாதங்களில் விளையாட்டுகளைத் தரம் பிரித்து, தரத்துக்கு ஏற்ற சீட்டுகளைப் புத்தகமாகக் கட்டி விற்றார்கள். 1982-இல் அதைக் கைவிட்டு, ஒரே நுழைவுக் கட்டணத்தில் எல்லாம் என்றார்கள். அதன் பிறகு பணக்காரர், ஏழை என்ற பேதமின்றி எல்லாரும் ஒரே வரிசை. 1999-இல் ஃபாஸ்ட்பாஸ் வந்தது. இயந்திரத்தில் சீட்டைச் செருகினால் திரும்பி வர வேண்டிய நேரத்தை அச்சிட்டுக் கொடுக்கும், அதற்குக் காசு கிடையாது. பெருந்தொற்றுக்காலத்தில் பூங்காக்கள் மூடப்பட்டன. மீண்டும் திறந்த பின் அந்த இலவச ஏற்பாடு திரும்பவில்லை. 2021 அக்டோபரில் புளோரிடாவில் அதே வேலையைச் செய்யும் சேவை ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 டாலர் என்று வந்தது. பிறகு கூட்டத்துக்கு ஏற்ப விலை ஏறி இறங்கத் தொடங்கியது. 2024 அக்டோபர் இறுதியில் எல்லா விரைவு வாசல்களிலும் நினைத்த நேரத்தில் நுழையும் சீட்டு ஒன்றை அறிமுகப்படுத்தினார்கள். அறிமுகத்தின்போது மிக நெரிசலான நாளில் அதன் விலை 449 டாலர் வரை இருந்தது. நுழைவுக் கட்டணம் தனி. அப்போதைய மதிப்பில் நம் பணத்தில் 1,900 ரிங்கிட்டுக்கும் மேல். இங்கே 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்ச மாதச் சம்பளமான 1,700 ரிங்கிட்டைவிட அதிகம்.

இருபத்தைந்து ஆண்டுகளில் நடந்த இந்த மாற்றத்தில் கவனிக்க வேண்டியது விலை மட்டுமில்லை. விரைவுச் சீட்டுக்கு மதிப்பு எங்கிருந்து வருகிறது? மெதுவான வரிசையின் நீளத்திலிருந்து. வழக்கமான வரிசை பத்து நிமிடத்தில் நகர்ந்துவிட்டால் யாரும் கூடுதலாகக் கட்ட மாட்டார்கள். வரிசை எவ்வளவு துன்பமோ அவ்வளவுக்கு விரைவுச் சீட்டு விற்கும். கூட்டத்தைக் குறைக்கவும், இன்னொரு விளையாட்டு கட்டவும், பழுதைச் சீக்கிரம் சரிசெய்யவும் வேண்டிய நிர்வாகத்துக்கு, வரிசை நீளமாக இருப்பதில் வருமானம் வரத் தொடங்குகிறது. எந்த நிர்வாகமும் வேண்டுமென்றே வரிசையை நீட்டுகிறது என்று நான் குற்றம் சாட்டவில்லை. வேண்டுமென்று செய்யத் தேவையே இல்லை. குறைக்க வேண்டும் என்ற அவசரம் தளர்ந்தாலே போதும்.

மறுபக்கத்து நியாயங்களும் உண்டு. அவற்றை ஒதுக்கிவிட முடியாது. ஒரே ஒரு நாள் விடுப்பில் கெடாவின் உட்பகுதியிலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ வருகிறவருக்கு அடுத்த வாரம் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்ற வசதி கிடையாது. பூங்கா நடத்துவது செலவு பிடித்த தொழில். ஈப்போவில் 2017-இல் பெரும் முதலீட்டில் திறந்த மேப்ஸ் திரைப்பட அசைவூட்டப் பூங்கா, மூன்றாண்டுகூட முழுதாக ஓடாமல் 2020 தொடக்கத்தில் மூடப்பட்டதை நாம் அருகிலிருந்தே பார்த்தோம். வசதியுள்ளவரிடம் கூடுதலாக வாங்கினால் எல்லாருக்குமான நுழைவுக் கட்டணத்தை ஏற்றாமல் இருக்கலாம் என்று நிர்வாகங்கள் சொல்கின்றன. இந்த வாதத்தை நான் மதிக்கிறேன், ஒரு நிபந்தனையோடு. அப்படிக் கிடைத்த பணம் உண்மையிலேயே வழக்கமான வரிசையில் நிற்பவரிடம் திரும்ப வந்ததா? கட்டணம் ஏறாமல் நின்றதா, நிழற்கூரை போட்டார்களா, மின்விசிறி மாட்டினார்களா, பெட்டிகளை அதிகமுறை ஓட்டினார்களா? வந்தது என்று காட்ட முடிந்தால், ஒன்பது வினாடி ஒன்பது வினாடியாகக் கொடுத்தவர்களுக்கும் ஏதோ ஈடு கிடைத்தது என்று சொல்லலாம். காட்ட முடியாவிட்டால் அந்த வாதம் நிற்காது.

நாமே கட்டுவதா வேண்டாமா என்று யோசிக்கும்போது இன்னொரு கணக்கும் உதவும். ஒருவருக்குக் கூடுதலாக 50 ரிங்கிட் என்று கொள்வோம். ஐந்து பேர் குடும்பத்துக்கு 250. குறைந்தபட்சச் சம்பளத்தில் ஒரு மணி நேர வேலைக்கு 8 ரிங்கிட் 72 காசு. இரண்டு மணி நேரம் நிற்காமல் இருப்பதற்கு ஏறத்தாழ இருபத்தொன்பது மணி நேரம் உழைக்க வேண்டும். நல்ல சம்பளம் வாங்கும் ஒரு மருத்துவருக்கோ பொறியாளருக்கோ அதே சீட்டுக்கு அதைவிட மிகக் குறைந்த நேர உழைப்பே போதும். விலை ஒன்றுதான், கனம் ஒன்றில்லை. நிபோங் திபாலைச் சுற்றியுள்ள பழைய தோட்டக் குடும்பங்களிலும், இன்று பத்து காவான் தொழிற்சாலைகளில் இரவு வேலை பார்க்கும் வீடுகளிலும், இந்த வேறுபாடு ஏட்டுக் கணக்காக இருப்பதில்லை. பிள்ளை விரைவு வரிசையைக் காட்டி "நாம் ஏன் அந்தப் பக்கம் போகவில்லை?" என்று கேட்கும். அந்தக் கேள்விக்குக் கூச்சப்பட வேண்டியது பெற்றோர் இல்லை.

அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் மைக்கேல் சாண்டல் 2012-இல் வெளியிட்ட தம் நூலில் பணத்தால் வாங்கக் கூடாதவை எவை என்று ஆராயும்போது முதல் அத்தியாயத்தையே வரிசையை முந்துவதற்கு ஒதுக்கினார். விமான நிலையம், நெடுஞ்சாலை, மருத்துவமனை என்று அவர் எடுத்துக்காட்டுகள் விரிகின்றன. நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம் கோயில்களிலேயே சிறப்பு தரிசனம் பழகிப்போன ஒன்று. திருமலையில் இலவச தரிசனத்துக்கு நேரம் குறித்த டோக்கனும் உண்டு, 300 ரூபாய்ச் சிறப்பு நுழைவுச் சீட்டும் உண்டு. இரண்டு முறைகளும் ஒரே சன்னிதியில் முடிகின்றன. பழனியில் மலையேற்றும் விஞ்ச், தொழில்நுட்பத்தில் கொடிமலை ரயிலுக்கு உடன்பிறப்பு. அங்கும் சாதாரணக் கட்டணம், சிறப்புக் கட்டணம் என இரண்டு. இப்படிப் பழகிவிட்டதாலேயே, பூங்காவில் விரைவுச் சீட்டைக் கண்டு நம்மில் பலர் திடுக்கிடுவதில்லை. பழக்கம் ஒரு நியாயமாகிவிடாது என்பதை மட்டும் இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

என் பார்வையில் கோடு கிழிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. தனியார் பூங்கா ஒரு பொழுதுபோக்கு. அதற்குப் போகாமல் இருந்தாலும் வாழ்க்கை நடக்கும். அங்கே விரைவுச் சீட்டு விற்கட்டும், ஆனால் எத்தனை இடம் விற்கப்படுகிறது என்பதைச் சொல்லி விற்கட்டும். பொதுச் சொத்து அப்படி இல்லை. கொடிமலையை நிர்வகிப்பது மாநிலச் சட்டத்தால் 2009-இல் உருவான பினாங்குக் கொடிமலைக் கழகம். மலையும் காடும் 2021-இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகப் பட்டியலில் சேர்ந்தன. உச்சியில் அருளொளித் திருமுருகன் கோயில் இருக்கிறது, பள்ளிவாசல் இருக்கிறது, அங்கேயே வேலை பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆங்கிலேயர் காலத்து முதல் மரப்பெட்டிகளில் முதல் வகுப்பு, சாதாரண வகுப்பு என்று தடுப்பு இருந்தது. இன்றைய பெட்டிக்குள் அந்தத் தடுப்பு இல்லை. ஏறியபின் எல்லாரும் ஒன்று. தடுப்பு இப்போது நடைமேடைக்கு முன்னால், வரிசையில் வந்து நிற்கிறது.

கொடிமலையில் வெளிநாட்டவருக்கு வழக்கமான சீட்டு 30 ரிங்கிட் என்றிருந்தபோது விரைவுச் சீட்டு 80 ரிங்கிட். மலேசியருக்கான வழக்கமான கட்டணம் இவற்றைவிட மிகக் குறைவு. அது நல்ல கொள்கை, அதை நான் ஆதரிக்கிறேன். ஆனால் குறைந்த கட்டணம் கட்டியவர் நிற்கும் வரிசை நீண்டுகொண்டே போனால், கட்டணத்தில் கொடுத்த சலுகையை நேரத்தில் திரும்ப எடுத்துக்கொள்வதாகிவிடும். பொதுச் சொத்தில் அது நடக்கக் கூடாது. மருத்துவமனையில் இதன் பொருள் இன்னும் கடுமையானது. புத்ராஜெயா, செலாயாங் மருத்துவமனைகளில் 2007-இல் முழுக்கட்டண நோயாளித் திட்டம் தொடங்கியது. 2025-ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தில் ராக்கான் கேகேஎம் அறிவிக்கப்பட்டது. கூடுதலாகக் கட்டுவோருக்கு அரசு மருத்துவமனையிலேயே விரைவான சேவை என்பதுதான் இவற்றின் சாரம். கூடுதல் நேரத்தில், கூடுதல் மருத்துவரைக் கொண்டு அதைச் செய்தால் வரிசைக்குப் பாதிப்பில்லை. இருக்கிற அறுவைக்கூட நேரத்தைப் பிரித்துக் கொடுத்தால் மலை ரயில் கணக்கே இங்கும் பொருந்தும், வினாடிக்குப் பதில் வாரங்களாக.

ஆகவே ஒரு விரைவு வரிசையைக் கண்டால் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இவர்களுக்காகப் புதிய இடம் உண்டாக்கினார்களா, இருக்கிற இடத்தைப் பிரித்தார்களா என்பதே. கொடிமலைக்குத் தாவரவியல் பூங்காவிலிருந்து கம்பிவட ஊர்தி கட்டும் வேலை நடக்கிறது. மணிக்கு ஆயிரம் பேரை ஏற்றிச் செல்லும் என்று அறிவித்திருக்கிறார்கள். காட்டுக்கு அது என்ன செய்யும் என்ற கவலை தனியாகப் பேச வேண்டியது. வரிசையைப் பொறுத்தவரை அது மெய்யாகவே புதிய இடம். அது ஓடத் தொடங்கும் நாளில் ரயிலின் விரைவு வரிசையைத் தொடர்ந்து வைத்திருப்பதற்கு என்ன காரணம் மிஞ்சும் என்பதைக் கழகம் இப்போதே யோசித்துச் சொல்லலாம்.

அதுவரை இரண்டே இரண்டு ஏற்பாடுகள் போதும். ஒரு பெட்டியில் விரைவுச் சீட்டுக்கு அதிகபட்சம் எத்தனை இடம் என்று வரம்பு வைத்து, அதைக் கவுன்டரில் எழுதி ஒட்ட வேண்டும். வழக்கமான வரிசையில் இப்போது எவ்வளவு நேரம் ஆகும் என்பதைச் சீட்டு வாங்கும் முன்பே தெரியும்படி திரையில் காட்ட வேண்டும், தமிழிலும். இந்த இரண்டும் தெரிந்தால் ஒரு குடும்பம் நிற்பதா, கூடுதலாகக் கட்டுவதா, திரும்பிப் போய் இன்னொரு நாள் வருவதா என்று தானே முடிவு செய்துகொள்ளும். விடுமுறை இல்லாத வார நாளில், காலை 6.30 மணிக்கு ரயில் ஓடத் தொடங்கும் நேரத்துக்கு வந்தால் விரைவுச் சீட்டின் தேவையே பெரும்பாலும் எழாது. நிபோங் திபாலிலிருந்து ஐந்தேகாலுக்குக் கிளம்பினால் போதும். பாலத்தில் அந்நேரத்தில் நெரிசல் இருக்காது.